கிளாஸ் டாப் ஸ்டவ்ல கருகின பாயசக் கறை, கீறல் விழாம எப்படி எடுக்கறது?

கேள்வி:
மூணு பர்னர் கிளாஸ் டாப் கேஸ் ஸ்டவ் வாங்கி நாலு மாசம்தான் ஆகுது, போன வாரம் சேமியா பாயசம் பொங்கி வழிஞ்சு பர்னரைச் சுத்தி கருகி ஒட்டிக்கிச்சு, அவசரத்துல கம்பி நார் போட்டு தேய்ச்சேன், ஓரத்துல மெல்லிசா கோடு விழுந்துடுச்சு, பாக்கும்போதெல்லாம் கஷ்டமா இருக்கு. கடை ஸ்ப்ரே அடிச்சா குழந்தைக்கு இருமல் வருது. வீட்ல இருக்கறத வச்சே எடுக்க முடியுமா?

பதில் 1:
முடியும்மா. ரெகுலேட்டரை அணைச்சிட்டு அடுப்பை நல்லா ஆற விடுங்க. கறை மேல ஆப்ப சோடாவ தூவி, வெந்நீர்ல நனைச்சு பிழிஞ்ச துணிய அது மேல விரிச்சு 20 நிமிஷம் அப்படியே விட்டுடுங்க. கறையை ஊறல்தான் எடுக்கணும், கை பலம் இல்ல. அப்புறம் பழைய பனியன் துணியால வழிச்சு எடுங்க, வரலன்னா திரும்ப ஊற வைங்க. பர்னர் ஓட்டைக்குள்ள மட்டும் தண்ணி போகக்கூடாது.

பதில் 2:
சோடாவோட எலுமிச்சை சேர்த்து நுரை பொங்க விடறாங்களே, அது வேணாம் சிஸ்டர், ஒண்ண ஒண்ணு முறிச்சிடும், ரெண்டுக்கும் வேகம் போயிடும். சோடாவ துடைச்சதுக்கு அப்புறம் போர் தண்ணி உப்பு வெள்ளையா படிஞ்சிருந்தா அதுக்கு எலுமிச்சை மூடி இல்லன்னா வினிகர் போதும். பித்தளை பர்னர் மேல புளிப்பு பட்டா உடனே துடைச்சிடுங்க.

பதில் 3:
எது கண்ணாடியைக் கீறும், எது கீறாதுன்னு தெரிஞ்சா திரும்ப கோடு விழாம பாத்துக்கலாம். கடினத்தை அளக்கிற மோஸ் அளவுல ஆப்ப சோடா சுமார் 2.5, கண்ணாடி சுமார் 5.5, மணல் 7. அதனாலதான் சோடா கீறாது, மணல் துகள் கலந்த சாம்பலும் செங்கல் பொடியும் கீறும். விழுந்த கோடு பேஸ்ட் தேய்ச்சா போகும்னு சொல்றத நம்பாதீங்க. கீறல் ஆழமானா கண்ணாடியோட பலமும் குறையும், சூடா இருக்கும்போது ஈரத்துணி போட்டா வெடிக்கவும் வாய்ப்பு இருக்கு.

பதில் 4:
மின்சார செராமிக் அடுப்பு வச்சிருக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், அதுல சர்க்கரைப் பாகு வழிஞ்சா முழுசா ஆற விடக்கூடாது, கெட்டியாகி கண்ணாடியையே பேத்து குழி விழ வைக்கும். சுவிட்சை அணைச்சிட்டு, சூடு இருக்கும்போதே அதுக்குன்னு விக்கிற பிளேடு ஸ்கிரேப்பரால, கை சுடாம பாத்து சாய்வா தள்ளி எடுத்துடணும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். ரெண்டு தடவை ஊற வச்சதுலயே முக்கால்வாசி வந்துடுச்சு, பர்னர் ஓரத்துல ஒரு வளையம் மட்டும் இருக்கு, இன்னைக்கு ராத்திரி சமையல் முடிஞ்சு அடுப்பு நல்லா ஆறினதும் திரும்ப துணி போட்டு விடறேன்.