நீந்தும் மீனும் "இது யாருக்கும் தோன்றும்" என்ற ஆட்சேபணையும்

கடலூர் முதுநகரிலிருந்து:

இங்கே சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மோட்டாரில் நீந்தும் மீன் ஒன்று செய்து காப்புரிமைக்கு விண்ணப்பித்தேன். கிடைக்கும் முன்பே ஒரு பொம்மை கம்பெனி காப்புரிமைச் சட்டம் 25(1) பிரிவில் ஆட்சேபணை போட்டது. மீன் வாலாட்டி நீந்துவது ஊருக்கே தெரியும், மோட்டாரில் கிராங்க் (சுழற்சியை ஆட்டமாக மாற்றும் கை) வைத்தால் எதுவும் ஆடும், இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். படித்ததும் மனசு விட்டுப்போனது.

முதலில் செய்த மூன்று மீனும் நீந்தவே இல்லை. தகட்டு வாலை நேராகக் கிராங்கில் பூட்டியிருந்தேன். தொட்டியில் விட்டால் வாலோடு தலையும் ஆடும், நின்ற இடத்திலேயே நெளியும். ஒருநாள் மாமா ஃபைபர் போட்டிலிருந்து உயிரோடு ஒரு சின்னப் பாறை மீனை வாளியில் கொண்டுவந்தார். குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். வாலின் அடிப்பகுதி முதலில் திரும்புகிறது, துடுப்பு கொஞ்சம் பிந்தித்தான் வருகிறது! சைக்கிள் டியூபில் இரண்டு விரல் அகலம் வெட்டி நடுவில் வைத்தேன். மீன் தொட்டியின் அந்தப் பக்கச் சுவரில் போய் முட்டியது.

ஹியரிங்கில் 1990களில் அமெரிக்காவின் எம்ஐடி செய்த ரோபோடூனா என்ற ரோபோ மீனைக் காட்டினார்கள். அதற்கு ஆறு மோட்டார், என்னுடையதற்கு ஒன்று. ஆனாலும் வளையும் வால் என் கண்டுபிடிப்பு இல்லை என்பது உண்மைதானே, அந்த க்ளெய்மை, அதாவது அதற்கு உரிமை கேட்ட பகுதியை, எடுத்துவிட்டோம். ஒற்றை மோட்டாரும், வால் நுனி நோக்கி மெலிந்துபோகும் ரப்பரும் மட்டும் மிச்சம். அந்தத் துறை தெரிந்தவருக்கு இது எளிதில் தோன்றியிருக்குமா என்றுதான் சட்டம் கேட்கிறது. யார் அந்தத் துறை தெரிந்தவர்? மாமாவுக்கு 40 வருஷமாக மீன் தெரியும், கிராங்க் தெரியாது. எனக்கு நேர்மாறு. உத்தரவு இன்னும் வரவில்லை.

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து:

அண்ணே, நான் ஆட்சேபணை வரைக்கும்கூடப் போகவில்லை. என் பம்ப்பைக் கல்லூரிக் கண்காட்சியில் வைத்துவிட்டு அப்புறம்தான் விண்ணப்பித்தேன். நான் காட்டியதையே எனக்கு எதிராகக் காட்டினார்கள். காட்டிய பிறகு விண்ணப்பிக்க 31-வது பிரிவில் 12 மாதச் சலுகை உண்டு, ஆனால் மத்திய அரசு அறிவிக்கும் கண்காட்சிகளுக்கு மட்டும். நீங்கள் வீடியோ எதுவும் வெளியே விடவில்லையே?

முதுநகரிலிருந்து:

இல்லை தம்பி, விண்ணப்ப எண் வரும்வரை மாமாவுக்குக்கூடக் காட்டவில்லை. பழைய தகட்டு வால்களை மட்டும் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன். இது எளிதில் தோன்றவில்லை என்று காட்ட, நீந்தாத அந்த மூன்று மீன்களின் படங்களையும் பிரமாணப் பத்திரத்தோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறோம்.