புதுப்பிப்பு: கொடுவா குஞ்சுக்கான ஆர்ட்டீமியாவில் விப்ரியோ

கொடுவா மீன்குஞ்சுக்கு உயிர்த்தீனியாகப் போடும் ஆர்ட்டீமியா என்ற நுண் இறாலினத்தின் முட்டையைக் குளோரினில் நனைத்தாலே, நோய் தரும் விப்ரியோ பாக்டீரியாவின் தொல்லை தீரும் என்று முன்பு எழுதியிருந்தேன். அது பாதிதான் சரி. ஓட்டின் மேலிருப்பது போகும். ஆனால் முட்டை வெடிக்கும்போது அதனுள் இருக்கும் கிளிசரால் என்ற பொருள் நீரில் கலக்கிறது. மிஞ்சிய கொஞ்சம் விப்ரியோவும் அதைத் தின்று ஒரே இரவில் பெருகிவிடும்.

அதனால் அறுவடையில்தான் கவனம் வேண்டும். லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் முட்டை போடாதீர்கள். பொரிந்ததும் காற்றை நிறுத்துங்கள். 5–10 நிமிடத்தில் ஓடு மேலே மிதக்கும், உயிருள்ள ஆர்ட்டீமியா குஞ்சுகள் ஆரஞ்சுத் திரளாக அடியில் இறங்கும். அதற்கு மேல் காத்திருந்தால் ஆக்சிஜன் இல்லாமல் செத்து, செத்ததே பாக்டீரியாவுக்குத் தீனியாகும். அடிக்குழாயில் முதலில் வரும் பொரியாத முட்டையைக் கொட்டிவிட்டு, மீதியை 120 மைக்ரான் வலையில் பிடியுங்கள். வலை தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும். வெளியே தூக்கினால் குஞ்சுகள் நசுங்கும். வெளியேறும் நீரில் நுரை நிற்கும்வரை சுத்தமான நீரில் அலசுங்கள்.

சத்தைக் கூட்ட ஆர்ட்டீமியாவை எண்ணெய்க் குழம்பில் (நீரில் கலக்கிய எண்ணெயில்) வைத்துச் செறிவூட்டினால், விப்ரியோ எண்ணிக்கை மறுபடி ஏறும். இன்னொரு முறை அலசாமல் மீன்குஞ்சுத் தொட்டியில் விடவே கூடாது.

விப்ரியோவை வளர்த்துப் பார்க்கும் டிசிபிஎஸ் சோதனைத் தட்டில் மஞ்சள் புள்ளி வந்தால் பயமில்லை என்று பலர் நம்புகிறார்கள். மீனைக் கொல்லும் விப்ரியோ ஆங்குவிலாரமும் மஞ்சளாகத்தான் வளரும்.