பாப்பாவின் இடது கண்

குழு: பொருநை வீடு

சனிக்கிழமை, மாலை 6.12

அக்கா: பாப்பா வில் வகுப்பிலிருந்து வந்ததும் வராததுமாக அழுதுகொண்டே படுத்துவிட்டாள். 18 அம்பு விட்டதில் 3தான் டார்கெட்டில் பட்டதாம். மீதியெல்லாம் பின்னால் இருக்கிற வலையில்.

அம்மா: பிள்ளையை யாரும் ஒன்றும் சொல்லாதீங்க. சாப்பிட்டாளா?

அக்கா: கொஞ்சம் சொதியும் சோறும் சாப்பிட்டாள்.

அத்தான்: கவனம் இல்லை என்று மாஸ்டர் சொல்கிறார். நான் அங்கேயேதான் உட்கார்ந்து பார்த்தேன். பிள்ளை கவனமாகத்தான் நிற்கிறாள். எனக்கே ஒன்றும் புரியவில்லை.

நான்: அத்தான், தப்பிப் போன அம்பெல்லாம் எந்தப் பக்கம் போகிறது? மேலே கீழே என்று சிதறுகிறதா?

அத்தான்: எல்லாமே இடது பக்கம்தான். 10 மீட்டர் தூரம். டார்கெட் நடுவிலிருந்து முக்கால் மீட்டர் தள்ளி, பக்கத்தில் பக்கத்தில் போய் விழுகிறது.

நான்: பக்கத்தில் பக்கத்திலா? அப்படியென்றால் பிள்ளை நன்றாகத்தான் விடுகிறாள். கை தடுமாறினால் அம்பு நாலா பக்கமும் போகும். பட்ட 3 அம்பும் எப்படிப் பட்டது என்று அவளிடம் கேளுங்கள்.

அக்கா: கேட்டேன். அப்போது வெயில் கண்ணில் அடித்ததாம், இடது கண்ணை மூடிக்கொண்டு விட்டாளாம். மாஸ்டர் திட்டுவார் என்று அப்புறம் மூடவில்லையாம்.

நான்: அக்கா, காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். ஒரு சோதனை செய்து பார். எதற்கு என்று அவளிடம் சொல்லாதே. இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல். உள்ளங்கை வெளியே பார்க்கட்டும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து நடுவில் சின்ன முக்கோண ஓட்டை வரட்டும். இரண்டு கண்ணையும் திறந்தபடி அந்த ஓட்டை வழியாக எதிர் மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கவேண்டும். தொட்டியை விட்டுவிடாமல் கையை மெல்ல முகத்துக்குக் கொண்டுவரட்டும். ஓட்டை எந்தக் கண்ணுக்கு வந்து நிற்கிறது?

மாலை 6.31

அக்கா: மூன்று தடவை செய்தாள். மூன்று தடவையும் இடது கண்.

தென்காசி சித்தி: நானும் செய்தேன், எனக்கு வலது. சித்தப்பாவுக்கு இடது! அவருக்கு எழுத்து, சாப்பாடு எல்லாம் வலது கைதானே?

அம்மா: கண்ணில் கோளாறா? நாளைக்கே கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ.

நான்: கோளாறு இல்லை அம்மா. கையில் ஒன்று முந்துகிற மாதிரி கண்ணிலும் ஒன்று முந்தும். டாமினன்ட் ஐ என்பார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது இடது கண். பார்வைக் கூர்மைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பார்வை மங்கலாக இருந்தால்கூட வில்லில் ஜெயிக்கலாம். தென் கொரியாவில் இம் டோங்-ஹியூன் என்று ஒரு வில் வீரர். மற்றவர்கள் 200 அடியில் பார்ப்பதை அவருடைய இடது கண் 20 அடியில்தான் பார்க்கும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 72 அம்புக்கு 720க்கு 699 எடுத்தார். அன்றைக்கு அது உலக சாதனை.

அத்தான்: சரி, கண் இடது என்றால் அம்பு ஏன் இடது பக்கம் போகவேண்டும்?

நான்: பாப்பா வலது கையால் நாணை இழுக்கிறாள். அதனால் அம்பின் வால் வலது கண்ணுக்குக் கீழே தாடையில் வந்து நிற்கும். ஆனால் வில்லில் முன்னால் இருக்கிற சைட்டை, அதாவது குறி பார்க்கிற கருவியை, டார்கெட் நடுவிலுள்ள மஞ்சள் வட்டத்தில் வைத்துப் பார்ப்பது இடது கண். இரண்டு கண்ணுக்கும் நடுவே கிட்டத்தட்ட 6 சென்டிமீட்டர், கண்ணிலிருந்து சைட்டுக்கு 70. அப்போது அம்பு வலது கண் பக்கம் புறப்பட்டு, சைட் இருக்கும் இடத்தில் இடது கண்ணின் பார்வைக் கோட்டை வெட்டி, இடது பக்கம் சாய்ந்து போகிறது. 70க்கு 6 சாய்ந்தால் 10 மீட்டரில் 80 சென்டிமீட்டர் அளவுக்கு விலகும். நீங்கள் பார்த்த முக்கால் மீட்டர் அதுதான். டார்கெட் நடுவிலிருந்து ஓரம் 60தானே? 18 மீட்டருக்குப் போனால் ஒன்றரை மீட்டர் விலகும். பிள்ளை என்ன செய்வாள் பாவம்!

அத்தான்: சைட்டை நகர்த்தினால் சரியாகாதா?

நான்: அவ்வளவு தூரம் சைட் நகராது அத்தான்.

பெரியப்பா: இடது கண்ணை மூடிக்கொண்டு விடட்டும். இதற்குப் போய் இவ்வளவு பேச்சா?

நான்: பெரியப்பா, கல்லூரியில் மூன்று வருடம் நான் அதைத்தான் செய்தேன். எனக்கும் இடது கண்தான். கண்ணை இறுக்கி மூடும்போது கன்னம் மேலே ஏறும், நாண் தாடையில் தொடும் இடம் மாறும். 30 அம்பு தாண்டினால் நெற்றி வலிக்கும். அப்புறம் கண்ணாடியில் இடது பக்கம் மட்டும் மங்கலான டேப் ஒட்டினேன். கண் திறந்தே இருக்கும், வெளிச்சம் வரும், உருவம் மட்டும் தெளியாது. வலது கண் தானாகப் பொறுப்பெடுத்துக்கொள்ளும். அது பெரிய நிம்மதி. ஆனால் கை மாறுவதற்கு அதற்குள் பிந்திவிட்டது. பாப்பா சேர்ந்து ஐந்து வாரம்தான் ஆகிறது. அவள் இப்போதே கையை மாற்றிவிடலாம். வலது கையில் வில், இடது கையில் நாண்.

பெரியப்பா: எழுதுவது சாப்பிடுவது எல்லாம் வலது கை. இடது கையில் இழுக்கப் பலம் இருக்குமா?

நான்: சின்ன வில்தான். இரண்டு வாரம் கை நடுங்கும், அப்புறம் பழகிவிடும். கண்ணை அப்படிப் பழக்க முடியாது பெரியப்பா.

அம்மா: அர்ச்சுனனுக்கு சவ்யசாசி என்று ஒரு பேர் உண்டு. இடது கையாலும் அம்பு விடுகிறவன். கீதையில் கண்ணனே அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். கிருஷ்ணாபுரம் கோயில் தூணில் அர்ச்சுனனையும் கர்ணனையும் பாப்பாவுக்குக் காட்டினேனே. பிள்ளை இடது கையால் விடட்டும்.

பெரியப்பா: நீயே சொன்னபிறகு நான் என்ன சொல்ல. விடட்டும்.

அத்தான்: வகுப்பில் இருப்பதெல்லாம் வலது கை வில். புதிதாக முழு செட் வாங்கவேண்டுமா?

நான்: வேண்டாம். நடுவில் பிடிக்கிற ரைசர்தான் கைக்குக் கை மாறும். மேலும் கீழும் மாட்டுகிற லிம்ப் இரண்டு கைக்கும் ஒன்றுதான். நாண் இழுக்கிற விரலில் மாட்டுகிற ஃபிங்கர் டேப் இடது கைக்கு வாங்கவேண்டும், நாண் மார்பில் உரசாமல் தடுக்கிற செஸ்ட் கார்டு வலது மார்புக்கு. இப்போதைக்கு அந்த ரைசரும் வேண்டாம். மேலப்பாளையத்தில் என் நண்பரிடம் இடது கைப் பயிற்சி வில் சும்மா இருக்கிறது, இழுக்கிற விசை 16 பவுண்டு. சொல்லி வைத்துவிட்டேன், போய் வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் 5 மீட்டரில் மட்டும், மாஸ்டர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். இந்த வில்லில் அம்பு வலது பக்கம் உட்காரும், அதை அவளுக்குக் காட்டிக்கொடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 9.40

அத்தான்: மாஸ்டரிடம் சொன்னேன். அவரும் முக்கோணம் வைத்துப் பார்த்தார். முதல் நாளே பார்த்திருக்கவேண்டும் என்று பாப்பாவிடமே சொன்னார். மற்ற பிள்ளைகளையும் வரிசையாக நிற்க வைத்துப் பார்க்கிறார். இன்னும் இரண்டு பேருக்கு இப்படி இருக்கிறது.

காலை 10.25

அக்கா (பாப்பா எழுதுகிறாள்): மாமா, 5 மீட்டரில் 6 அம்பு. ஆறும் டார்கெட்டில்! ஒன்று மஞ்சளில்! இரண்டு கண்ணையும் திறந்துதான் விட்டேன். ஆனால் வலது கையில் முழங்கைக்குக் கீழே நாண் அடித்து சிவந்துவிட்டது.

நான்: என் தங்கமே! நாண் அடிக்காமல் கட்டுகிற ஆர்ம் கார்டை எந்தக் கையில் கட்டியிருக்கிறாய்?

அக்கா (பாப்பா எழுதுகிறாள்): இடது கையில்தான், எப்போதும் போல.

நான்: வில் இப்போது எந்தக் கையில்?

அக்கா (பாப்பா எழுதுகிறாள்): ஐயோ மாமா!

அம்மா: வீட்டுக்கு வந்ததும் தேங்காயெண்ணெய் தடவி விடுகிறேன். முதலில் அதைக் கழற்றி மாற்றிக் கட்டச் சொல்லுலே.