ஏ.டி. போட்ட பிறகும் விமானத்துக்குக் கெடு எதற்கு?

ஓசூர்க்காரன்:
சிப்காட்டில் பைக்குக்கு ஒயரிங் ஹார்னஸ் கட்டும் வேலை எனக்கு. ஏ.எம்.இ. (விமானப் பராமரிப்பு இன்ஜினியர்) படிக்கிற அண்ணன் மகன் சொல்கிறான், ஒயரிங்கில் ஆபத்து என்று தெரிந்து கட்டாய மாற்றத்துக்கு ஏ.டி. (ஏர்வொர்தினஸ் டைரக்டிவ், விமானப் பாதுகாப்பு உத்தரவு) போட்டாலும் சிலதுக்கு வருடக்கணக்கில் கெடு கொடுத்துப் பறக்க விடுவார்களாம். எங்கள் லைனில் ஒரு ஒயர் உரசினால் லாட்டையே நிறுத்துவோம். இது கம்பெனிகளுக்குச் சலுகைதானே?

பழைய ஏ.எம்.இ.:
சலுகை இல்லீங்க. உடனே நிறுத்தியதும் உண்டு. 2013 ஜனவரியில் பாஸ்டனில் நின்றிருந்த போயிங் 787 விமானத்தில் லித்தியம் பேட்டரி எரிந்தது, அடுத்த வாரமே ஜப்பானில் இன்னொன்று பேட்டரி புகைந்து அவசரமாக இறங்கியது. அன்றைக்கே அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ. எமர்ஜென்சி ஏ.டி. போட, ஏர் இந்தியாவின் 787-களும் தரையில் நின்றன. பேட்டரியைச் சுற்றி ஸ்டீல் பெட்டி, புகை வெளியே போகக் குழாய் என்று மாற்றிய பிறகுதான் பறக்க விட்டார்கள்.

ஸ்விஸ்ஏர் 111 விமானத்தின் கதை வேறு. 1998-ல் கனடா கடலில் விழுந்து 229 பேர் போனார்கள். ஒயரில் பொறி பறந்து, மேலே இருந்த மைலார் (பிளாஸ்டிக் படலம்) போர்த்திய இன்சுலேஷன் பற்றிக்கொண்டது. அதை மாற்ற 2000-ல் வந்த ஏ.டி.க்கு ஐந்து வருடக் கெடு. சீட், பேனல், கிச்சன் எல்லாம் கழற்றினால்தான் கை எட்டும், அதாவது விமானத்தையே பிரித்துப் பார்க்கும் பெரிய செக்கில்தான் முடியும். அவசரப்பட்டு இருபது வருட ஒயர் கட்டை இழுத்தால் ஒயரின் மேலுறை விரிசல் விடும், டிரில் போட்டால் உலோகத் தூள் கட்டின் மேல் விழும், அது நாளைய ஷார்ட்டுக்கு விதை.

தர்மபுரி மணி:
ஐந்து வருடம் அதிகம்தான் சார், செக்குக்கு நேரம் பார்ப்பதில் செலவுக் கணக்கும் இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம். ஆனால் எல்லாமே கழற்றுகிற வேலை இல்லை. 2015-ல் 787-க்கே ஒரு ஏ.டி. வந்தது: 248 நாள் மின்சாரத்தை அணைக்காமல் விட்டால் ஜெனரேட்டரைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோல் யூனிட்டின் மென்பொருளில் ஓடும் கவுன்டர் நிரம்பி, நாலு யூனிட்டும் ஒரே நேரத்தில் கைவிடலாம். மருந்து? அவ்வப்போது அணைத்துப் போடு, மென்பொருள் அப்புறம் வரும்!

ஓசூர்க்காரன்:
சரி, புரிகிறது. அந்த டிரில் தூளை என்ன செய்வீர்கள் அண்ணே? இங்கே ஏர் கன்னால் ஊதிவிடுவோம்.

பழைய ஏ.எம்.இ.:
ஊதவே கூடாது, கட்டுக்குள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். முதலில் துணியோ பிளாஸ்டிக்கோ போர்த்திவிட்டுத்தான் டிரில், அப்புறம் வேக்குவம்.