வாஹ் பெடலுக்குள் சுவிட்ச் போட்டவர்களே, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஈயப்புகை:

வாஹ் பெடல் என்பது காலால் முன்னும் பின்னும் ஆட்டி கிட்டாரை 'வா வா' என்று பேச வைக்கும் பெட்டி. டன்லப்பின் க்ரை பேபி ஜிசிபி-95 என்ற வாஹ் கையில் இருந்தால் என்றைக்காவது ஒரு நாள் அதைத் திறந்து பார்க்கத்தான் தோன்றும். அடியில் இருக்கும் நாலு ரப்பர் கால்களைக் கழற்றினால் தகடு கையோடு வந்துவிடும். உள்ளே ஒரு சின்ன போர்டு, ஒரு இண்டக்டர் (கம்பிச்சுருள்), பல்சக்கரம் மாட்டிய 100கே பாட் (பெடலோடு சுழன்று மின்தடையை மாற்றும் பாகம்; கே என்றால் கிலோஓம்), காலால் அழுத்தும் சுவிட்ச், கொஞ்சம் கபாசிட்டர், கொஞ்சம் ரெசிஸ்டர். அவ்வளவுதான். 1966-இல் கலிபோர்னியாவின் தாமஸ் ஆர்கன் கம்பெனியில் உருவான சர்க்யூட்டின் எலும்புக்கூடு பெரிதாக மாறவே இல்லை.

பழைய போர்டு ஒன்றில் மூன்று இடங்களில் சுவிட்ச் போட்டு, வீட்டிலும் மெல்லிசைக் குழுவிலும் வாசித்துப் பார்த்துவிட்டேன். எது மேடைக்கு உதவும், எது உட்கார்ந்து நோண்ட மட்டும் லாயக்கு என்று ஓரளவு தெளிந்திருக்கிறது.

முதலில் ஸ்வீப் கபாசிட்டர், அதாவது பெடலை ஆட்டும்போது சத்தம் எந்த எல்லைக்குள் ஏறி இறங்கும் என்று தீர்மானிப்பது. ஒரிஜினலில் 10 நானோஃபாரட். இண்டக்டர் சுமார் 500 மில்லிஹென்றி. கணக்குப் போட்டால் இரண்டும் சேர்ந்து 2,250 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு உச்சியை, அதாவது தூக்கலாகக் கேட்கும் அதிர்வெண்ணைத் தரும். கால்விரல் பக்கம் முழுக்க அழுத்தினால் கேட்பது அதுதான். குதிகால் பக்கம் சாய்க்கச் சாய்க்க, இரண்டாவது டிரான்சிஸ்டரிலிருந்து திரும்பி வரும் சிக்னல் அதே கபாசிட்டரை சர்க்யூட்டுக்குப் பெரியதாகக் காட்டுகிறது, உச்சி 450 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது. 10 நானோவை 15 ஆக்கினால் மேல்முனை 1,840-க்கு வரும், 22 ஆக்கினால் 1,520-க்கு. ஸ்ட்ராட் கிட்டாரின் பிரிட்ஜ் பிக்கப்பில் (பாலத்தை ஒட்டி, கம்பி அதிர்வைப் பிடிக்கும் காந்தச்சுருள்) காதைக் குத்தும் கூர்மை 15-இலேயே அடங்கிவிடுகிறது. 22 நானோ, ஹம்பக்கரும் (இரட்டைச்சுருள் பிக்கப்) டிஸ்டார்ஷனும் சேரும்போதுதான் ருசி. கிளீன் சத்தத்தில் ஃபங்க் வெட்டினால் மந்தமாக இருக்கும்.

ஒன்றைக் கழற்றிவிட்டு இன்னொன்றை மாட்டுகிற மாதிரி சுவிட்ச் போடாதீர்கள். போர்டில் இருக்கும் 10 நானோ அங்கேயே இருக்கட்டும். அதோடு 4.7-ஐயோ 12-ஐயோ பக்கவாட்டில் சேர்க்க, நடுவில் நிற்கக்கூடிய ஆன்-ஆஃப்-ஆன் டாகிள் (தண்டைத் தட்டி மாற்றும் சுவிட்ச்) ஒன்று போதும். நடுவில் 10, ஒரு பக்கம் கிட்டத்தட்ட 15, மறுபக்கம் 22. டாகிள் கச்சேரி நடுவில் காலை வாரினாலும் பெடல் ஒரிஜினல் சத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

இதில் எல்லாரும் மாட்டிக்கொள்வது 'டப்' சத்தம். சும்மா தொங்கிக்கொண்டிருந்த கபாசிட்டரைச் சட்டென்று டிசி (நேர்மின்) வோல்டேஜ் இருக்கும் இடத்தில் இணைத்தால் அது சார்ஜ் ஆகும்போது ஆம்ப் அலறும். டாகிளின் இரண்டு தொடர்புகளுக்கும் குறுக்கே ஆளுக்கொரு 2.2 மெகாஓம் ரெசிஸ்டர் வைத்தால் கபாசிட்டர் எப்போதும் சார்ஜோடு காத்திருக்கும், டப் அநேகமாகப் போய்விடும். ரெசிஸ்டர் அவ்வளவு பெரியதாக இருப்பதால் டோனில் வித்தியாசம் தெரியாது. அப்புறம், வயரை இண்டக்டர் பக்கமிருந்து இழுக்காமல் இரண்டாவது டிரான்சிஸ்டரின் எமிட்டர் (அதன் மூன்று கால்களில் ஒன்று) பக்கமிருந்து இழுங்கள். அந்த முனை இம்பீடன்ஸ் (சிக்னலுக்கு எதிரான தடை) குறைந்தது. வயர் கொஞ்சம் நீளமாகப் போனாலும் ஹம் என்ற இரைச்சலைப் பிடிக்காது.

இரண்டாவது, இண்டக்டருக்குப் பக்கவாட்டில் இருக்கும் 33கே ரெசிஸ்டர். இதைக் கூட்டக் கூட்ட உச்சி கூர்மையாகி, கிட்டார் வாயைத் திறந்து மூடிப் பேசுகிற மாதிரி ஆகும். நான் 33, 68 என்று டாகிள் போட்டேன். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மேடையில் அதைத் தட்டவே தோன்றவில்லை. அதற்குப் பதில் 33கே-யோடு வரிசையில் 100கே ட்ரிம்பாட் (ஸ்க்ரூ டிரைவரால் திருப்பும் சின்ன பாட்) வைத்து, உங்கள் ஆம்பில் ஒருமுறை காதால் சரிபார்த்துவிட்டு மூடிவிடலாம்.

மூன்றாவது, முதல் டிரான்சிஸ்டரின் எமிட்டரில் இருக்கும் 390 ஓம். குறைத்தால் சத்தமும் கீழ்ச்சுரமும் கூடும். 270-க்குக் கீழே போனால் எனக்குக் கரகரப்பு பிடிக்கவில்லை. இதற்கு சுவிட்ச் வேஸ்ட். பிடித்த மதிப்பை சால்டர் பண்ணிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

வெளியே துருத்திக்கொண்டு நிற்கத் தகுதியானது ஸ்வீப் சுவிட்ச் ஒன்றுதான் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

பேஸ் அண்ணாச்சி:

தம்பி, கிட்டாருக்கு உன் கணக்கு சரி. பேஸுக்கு 22 பத்தாது. 47 நானோ போட்டால் மேல்முனை 1,040-க்கு வரும், 68 போட்டால் 860 பக்கம். எனக்கு 47-இல்தான் விரல் நடை தெளிவாகக் கேட்கிறது. ஆனால் எத்தனை கபாசிட்டர் மாற்றினாலும் வாஹ் என்பது ஒரு பட்டையை மட்டும் தூக்கிக் காட்டுகிற ஃபில்டர். அடிச்சத்தம் மெலிந்துதான் போகும். டிரம்ஸ்காரர் திரும்பிப் பார்த்தால் அதுதான் காரணம். ஒரிஜினல் சிக்னலைத் தனியாகப் பிரித்துக் கொஞ்சம் கலந்துவிட ஒரு பிளெண்ட் வைத்த பிறகுதான் எனக்கு நிம்மதி.

நான் டாகிளுக்குப் பதில் ரோட்டரி சுவிட்ச் போட்டிருக்கிறேன். வாங்கும்போது, அடுத்ததைத் தொட்ட பிறகு முந்தையதை விடுகிற வகையா என்று கேட்டு வாங்கவும். மற்ற வகையில் திருப்பும் ஒவ்வொரு முறையும் நடுவே ஒரு கணம் எதுவுமே இணைப்பில் இருக்காது, டப் கூடுதலாக வரும்.

சென்னை ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் '103' என்று மட்டும் கேட்டால் காசு பெறாத செராமிக் வட்டு ஒன்றை எடுத்துக் கையில் திணிப்பார்கள். 'பாலியஸ்டர் 103' என்று சொல்லிக் கேளுங்கள். 103 என்றால் 10 நானோ, 153 என்றால் 15, 223 என்றால் 22. கையோடு மல்டிமீட்டர் கொண்டுபோய் அங்கேயே அளந்துவிடுவது என் வழக்கம். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

சர்ச் கிட்டார்:

சர்க்யூட் எல்லாம் சரி அண்ணே, ஓட்டை எங்கே போடுவது என்று யாரும் சொல்வதில்லை. நான் வேலையைக் கொடுத்த ஒருவர் கால்விரல் பக்கத்துப் பக்கச்சுவரில் டாகிளை வைத்துத் தந்தார். பார்க்க ஜோர். ஆராதனை நடுவில் பெடலை ஆன் பண்ண ஷூவை இறக்கினால் ஷூவின் ஓரம் டாகிளைத் தட்டிவிடும். 'அல்லேலூயா'வுக்கு நடுவே டோன் மாறும். கடைசியில் டாகிள் தண்டே வளைந்துபோனது. இப்போது குதிகால் பக்கத்தில், உயரம் குறைந்த டாகிளாகப் பார்த்து வைத்திருக்கிறேன். துளை போடும் முன் பெடல் பலகையை மேலும் கீழும் முழுக்க ஆட்டிப் பார்த்து, உள்ளே 'பாட்' பாகமும் பேட்டரியும் எங்கே வருகின்றன என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். கேஸ் கனமான வார்ப்பு உலோகம். சின்ன பிட்டில் தொடங்கித்தான் பெரிசாக்க வேண்டும். துருவல் போர்டில் விழாமல் எல்லாவற்றையும் கழற்றிவிடுவது நல்லது.

ஃபஸ் பைத்தியம்:

வாஹுக்குப் பின்னால் ஃபஸ் ஃபேஸ் (கரகரப்பு தரும் பெடல்) வைப்பவர்கள் கையைத் தூக்குங்கள்! கிட்டார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸின் வரிசை அதுதான். ஆனால் ஃபஸ் ஃபேஸின் உள்ளீட்டு இம்பீடன்ஸ் மிகக் குறைவு. வாஹின் வெளியீட்டை அது இழுத்து அமுக்கிவிடும். பெடலை ஆட்டினால் 'வா' என்று திறக்காது, ஒரு மூலையில் சும்மா கீச்சிடும். எத்தனை ஸ்வீப் கபாசிட்டர் போட்டாலும் இது தீராது. ஒரே ஒரு டிரான்சிஸ்டரில் எமிட்டர் ஃபாலோயர் பஃபர் (சிக்னல் அமுங்காமல் அடுத்த பெடலுக்குத் தாங்கிக் கொடுக்கும் சர்க்யூட்) கட்டி வெளியீட்டில் வைத்தேன், பிரச்சினை தீர்ந்தது. ஃபஸ் இல்லாதபோது பஃபர் வேண்டாம் என்பதால் அதற்கு ஒரு சுவிட்ச். ஆக, ஈயப்புகை அவர்களே, இரண்டாவது சுவிட்சுக்கும் நியாயம் உண்டு.

ஈயப்புகை:

ஒத்துக்கொள்கிறேன், அது உருப்படியான சுவிட்ச்தான்.

சுவிட்ச் பேச்சு வந்ததால் ஒன்று. இந்தப் பெடல் பிறந்ததே ஒரு சுவிட்சைத் தவிர்க்கப் போய்த்தான். வாக்ஸ் ஆம்ப் ஒன்றில் நடுச்சுரத்தைத் தூக்கிவிடும் பகுதிக்கு மூன்று நிலை சுவிட்ச் இருந்தது. அது விலை அதிகம் என்று செலவைக் குறைக்கும் வேலை பிராட் பிளங்கெட் என்ற இளம் இன்ஜினியரிடம் வந்தது. அவர் கட்டிய டிரான்சிஸ்டர் சர்க்யூட்டில் சுவிட்ச் இருந்த இடத்துக்கு பாட் வந்தது. அதைத் திருகியபோது வந்த சத்தம்தான் ஆர்கன் வால்யூம் பெடலின் கூட்டுக்குள் போய் வாஹ் ஆனது. நாம் அதே கூட்டில் துளை போட்டுச் சுவிட்சைத் திரும்பக் கொண்டுவருகிறோம். கம்பெனிக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. டன்லப் 535கியூ-வில் ஆறு நிலை ரேஞ்ச் சுவிட்ச் உண்டு. அவர்களுடைய எம்சி-404-இல் மஞ்சள், சிவப்பு என்று இரண்டு ஃபாசெல் இண்டக்டர்களுக்கு இடையில் மாற்றிக்கொள்ளலாம்.

புதுக்கை:

என்னுடைய புதிய போர்டில் பாகங்கள் எல்லாம் கடுகு சைஸ் எஸ்எம்டி (போர்டின் மேலேயே ஒட்டியிருக்கும் வகை). இதிலும் ஸ்வீப் சுவிட்ச் போட முடியுமா? எல்இடி வேறு வேண்டும் என்று ஆசை.

ஈயப்புகை:

போடலாம். எதையும் கழற்றவே தேவையில்லாததுதான் பக்கவாட்டில் சேர்க்கும் முறையின் வசதி. ஸ்வீப் கபாசிட்டரின் இரண்டு முனைகளிலும் மெல்லிய வயரைத் தொட்டு ஈயம் வைத்தால் போதும். கூர்முனை அயர்னாக இருக்கட்டும், சூடு ஓரிரு நொடிக்கு மேல் வேண்டாம், போர்டின் செம்புத்தடம் உரிந்து வந்துவிடும். வயரை ஹாட் க்ளூவால் போர்டோடு ஒட்டிவிடுங்கள், கால் மிதியில் ஆடி அறுந்துவிடக் கூடாது.

எல்இடிக்கு கால் சுவிட்சை 3பிடிடி-யாக (ஒரே மிதியில் மூன்று இணைப்புகளை மாற்றும் சுவிட்ச்) மாற்ற வேண்டும். பழைய பெடலாக இருந்தால் அதோடு ட்ரூ பைபாஸும் (ஆஃப் செய்தால் சிக்னல் சர்க்யூட்டைத் தொடாமல் நேரே போவது) கிடைத்துவிடும். எல்இடிக்கு 4.7கே ரெசிஸ்டர் போடுங்கள், வெளிச்சம் போதும். வாஹ் சர்க்யூட் குடிப்பது ஒரு மில்லியாம்பியருக்கும் கீழே, எல்இடி அதைவிட அதிகம் குடிக்கும். பேட்டரியில் ஓட்டுகிறவர் என்றால் அடாப்டருக்கு மாறிவிடுவது உத்தமம்.