சென்னை – யாழ்ப்பாணம்: 355 கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி நேரமா?

தாம்பரம்வாசி:
அம்மாவுக்கு 74 வயசு, முழங்கால் வலி. யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தசாமி கோயில் தேர் பார்க்கணும்னு ரொம்ப நாள் ஆசை. தூரம் கணக்குப் போடுற ஒரு தளத்துல சென்னை–பலாலி (அதான் யாழ்ப்பாண விமான நிலையம்) சுமார் 355 கி.மீ., பறக்க அரை மணிச்சொச்சம்னு வருது. டிக்கெட்ல பார்த்தா ஒன்றேகால் மணி! கொழும்புக்கு 640 கி.மீ.க்கு மேல, அதுக்கும் கிட்டத்தட்ட இதே நேரம்தான் போட்டிருக்கான். யாழ்ப்பாண விமானம் எங்கயாவது சுத்திப் போகுதா? கொழும்பு போய் கார் பிடிச்சா பரவாயில்லையா?

உரும்பிராயாள்:
தம்பி, அம்மாவைக் கொழும்பாலை கொண்டு போகாதேங்கோ. கட்டுநாயக்காவில, அதுதான் கொழும்பு விமான நிலையத்தில, இறங்கினாப் பிறகு வீதியால ஏழெட்டு மணித்தியாலம் இருக்கோணும். முழங்கால் என்னத்துக்காகும்?

விமானம் சுத்திறேல்லை. அந்தத் தளம் ஜெட்டின்ர வேகத்தை வச்சுக் கணக்குப் பார்க்குது. பலாலிக்குப் போறது ஏடிஆர் 72, விசிறி வச்ச விமானம். மணிக்கு 500 கி.மீ. அளவிலதான் பறக்கும். கொழும்புக்குப் போற ஜெட் 800ஐத் தாண்டும். 355ஐ 500ஆல பிரிச்சால் 43 நிமிஷம். ஏறேக்கையும் இறங்கேக்கையும் அந்த வேகம் வராது. டிக்கெட்டில இருக்கிற நேரம் சென்னையில நிற்கிற இடத்தை விட்டு அசையிறதில இருந்து பலாலியில வந்து நிற்கிற வரைக்கும். மீனம்பாக்கத்தில ஓடுபாதைக்கு ஊர்ந்து போய் வரிசையில நிற்கிறதும் அதுக்குள்ள அடக்கம்.

இன்னொண்டு. ஏடிஆரில பயணிகள் ஏறுறது பின்கதவால. அம்மாவுக்குப் பின்வரிசையில இருக்கை எடுங்கோ, உள்ளுக்கை நடக்கிற தூரம் குறையும். பஸ்ஸில கூட்டிக்கொண்டு போய்த்தான் ஏத்துவினம். அதால டிக்கெட் போடேக்கையே வீல்சேர் கேட்டு வையுங்கோ. நேர வித்தியாசம் இல்லை, 2006இல இருந்து இரண்டு நாட்டுக்கும் ஒரே மணிதான்.

1947 டிசம்பரில இலங்கையின்ர ஏர் சிலோன் விட்ட முதல் விமானமே கொழும்புக்குப் பக்கத்தில இருக்கிற இரத்மலானையில இருந்து, பலாலிக்குப் பக்கத்துக் காங்கேசன்துறை வழியாச் சென்னைக்குத்தான். பிறகு போர் வந்து எல்லாம் நிண்டுபோச்சு. 2019இல பலாலி திரும்பத் திறந்த செய்தி கேட்டு எங்கட வீட்டில எல்லாரும் அழுதனாங்கள். இந்த வழி நிலைக்கோணும், ஆக்கள் போய் வந்தால்தான் நிலைக்கும்.

மலைக்கோட்டை:
திருச்சிலேர்ந்தும் 2025 மார்ச் கடைசில ஆரம்பிச்சாங்க. தூரம் 185 கி.மீ.தான், ஆனா அட்டவணையில ஒரு மணி நேரம். பாதி தூரத்துக்குக் கால் மணிதான் மிச்சம். அக்கா சொன்ன கணக்கு இதுலயும் தெரியுது பாருங்க. நாகப்பட்டினத்துலேர்ந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் இருக்கு, நாலு மணி நேரம்போல ஆகும். கடல் ஆடினா பெரியவங்களுக்குக் கஷ்டம்.

தாம்பரம்வாசி:
ரொம்ப நன்றிக்கா. அப்ப நேரா பலாலிதான். இறங்கினதும் நல்லூருக்கு எப்படிப் போறது?

உரும்பிராயாள்:
பலாலி வீதியால 16, 17 கி.மீ. வரும். ஓட்டோ வேண்டாம், குலுக்கும். தங்கிற இடத்தில சொல்லிக் கார் ஒழுங்கு பண்ணுங்கோ. திருவிழா 25 நாள், தேர் 24ஆம் நாள். கனடா, லண்டன் சனமெல்லாம் அந்தக் கிழமைதான் வரும். அறையையும் டிக்கெட்டையும் இப்பவே எடுங்கோ. தேரண்டு விடிய வெள்ளெனப் போய், வெயில் ஏறமுன்னம் அம்மாவை நிழலில இருத்திப்போடுங்கோ.