வாத்தியாரின் காக்கி ஃபைல்: பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் எழுதுகிறார்கள்

மதுரை மாவட்டத்தில் ஓய்வு பெற்ற வாத்தியார்களை வீட்டிலோ கவுண்டரிலோ பார்த்துப் பழகியவர்கள், கண்டதை எழுதுங்கள். அவர் இருக்கும்வரை ஓய்வூதிய விவரமெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. அவருக்குப் பிறகு வீட்டம்மா எதை எடுத்துக்கொண்டு எங்கே போவார்? கேள்வி அதுதான்.

கருவூலப் பணி, உசிலம்பட்டி பக்கம்

ஊரில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுக்கும் வாத்தியார், தன்னுடைய பி.பி.ஓ.வை, அதாவது ஓய்வூதியம் வழங்கும் ஆணையை, வாங்கிய அன்று பார்த்ததோடு சரி. எடுத்துப் பாருங்கள். மனைவி பெயர் பணிப்பதிவேட்டில் இருந்தபடி ‘முத்துப்பேச்சி’ என்றிருக்கும், ஆதாரில் ‘பேச்சியம்மாள்’. வாத்தியார் இருக்கும்போதே அவர் கையெழுத்தில் விண்ணப்பம் கொடுத்துத் திருத்துவது லேசு. அவர் போனபிறகு என்றால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று சான்று வாங்க அந்த அம்மா வி.ஏ.ஓ., தாசில்தார் என்று அலைய வேண்டும்.

பெயரைவிட மோசம் பிறந்த தேதி. 80 வயதில் ஓய்வூதியம் 20 சதவீதம் கூடும், 85இல் 30, 90இல் 40. அவருக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியம் வாங்கும் மனைவிக்கும் இது உண்டு. மனைவியின் பிறந்த தேதி பதிவில் இல்லாவிட்டால் 80 நிறைந்தது கருவூலத்துக்குத் தெரியாது. கூடுதல் தொகை வராது. வராத பணத்தை யாரும் கேட்பதும் இல்லை.

குடும்ப ஓய்வூதியக் கணக்கையும் வீட்டில் சொல்லி வையுங்கள். கடைசி அடிப்படைச் சம்பளம் 60,000, முழுப் பணிக்காலம் என்றால் ஓய்வூதியம் 30,000. குடும்ப ஓய்வூதியம் சம்பளத்தில் 30 சதவீதம், அதாவது 18,000. அகவிலைப்படி தனி. ஓய்வுக்குப் பின் சீக்கிரமே இறந்திருந்தால் முதல் சில ஆண்டுகள் கூடுதல் விகிதத்தில் வந்து, பிறகு 18,000க்கு இறங்கும். இறங்குகிற மாதம், யாரோ பணத்தை எடுத்துவிட்டார்கள் என்று பதறி ஓடி வருவார்கள்.

தபால்காரர், வாடிப்பட்டி வட்டாரம்

ஓய்வூதியர் உயிரோடு இருக்கிறாரா என்று கருவூலம் பார்க்கும் வருடாந்திர நேர்காணல் முன்பு ஏப்ரல் முதல் ஜூன் வரை. கள்ளழகர் ஆற்றில் இறங்கும் வெயிலில் முதியவர்களைக் கருவூல வாசலில் வரிசையில் நிறுத்திய ஏற்பாடு அது, யார் யோசித்தார்களோ. இப்போது அவரவர் ஓய்வு பெற்ற மாதம். குடும்ப ஓய்வூதியர் என்றால் அது தொடங்கிய மாதம். அதற்காக அஞ்சல் வங்கி மூலம் வீட்டுக்கே வந்து டிஜிட்டல் ஆயுள் சான்று எடுக்கிறோம், கட்டணம் 70 ரூபாய். ஆதார், பி.பி.ஓ. எண், வங்கிப் புத்தகம், செல்போன் நான்கையும் எடுத்து வைத்திருந்தால் திண்ணையிலேயே முடித்துவிடலாம்.

தகராறு பண்ணுவது கைரேகை. வயதானால் ரேகை தேய்ந்து, தோல் வறண்டுவிடும். வெந்நீரில் கையைக் கழுவித் துடைத்து, லேசான ஈரத்தோடு வையுங்கள். ஆள்காட்டி விரல் விழாவிட்டால் நடுவிரல், பிறகு கட்டைவிரல். அதுவும் இல்லையென்றால் முகத்தைக் காட்டி எடுக்கலாம், வெளிச்சம் முகத்தில் விழ உட்கார வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டினால் வேலைக்கு ஆகாது.

இ-சேவை மையம், மேலூர்

மேலே சொன்னதோடு ஒன்று. ரேகை விழுந்து மெசேஜ் வந்துவிட்டால் முடிந்தது என்று போய்விடுகிறார்கள். பி.பி.ஓ. எண்ணில் ஒரு இலக்கம் பிசகினாலும், ஓய்வூதியம் தரும் இடத்தைத் தேர்வு செய்கையில் மாநிலக் கருவூலத்துக்குப் பதில் மத்திய அரசுத் துறை எதையாவது தட்டிவிட்டாலும் சான்று உருவாகும், ஆனால் சேர வேண்டிய இடத்துக்குச் சேராது. பணம் நின்ற பிறகுதான் தெரியும். சான்று எண்ணைக் குறித்துக்கொண்டு, ஏற்கப்பட்டதா என்று ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். விதவை அம்மாக்களிடம் மறுமணம் செய்துகொண்டீர்களா என்று கேட்டாக வேண்டும், படிவத்தில் இருக்கிறது. 78 வயது ஆச்சியிடம் அதைக் கேட்பது எங்களுக்கும் சங்கடம்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வங்கி கவுண்டர், திருமங்கலம்

வாத்தியார் இறந்த செய்தியைக் கருவூலத்துக்கும் எங்களுக்கும் சொல்லாமல், மகன் ஏ.டி.எம். கார்டைப் போட்டு மாதாமாதம் எடுப்பது அடிக்கடி நடக்கிறது. இறந்த நாள் வரைக்கும்தான் அவர் ஓய்வூதியம், மறுநாளிலிருந்து குடும்ப ஓய்வூதியம். கூடுதலாக எடுத்தது பின்னால் அம்மாவுக்கு வரும் தொகையில் பிடித்தமாகும். இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள், தாமதமானால் வேலை கூடும். இறப்புச் சான்று, பி.பி.ஓ., ஆதார், பான், போட்டோ, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் கருவூலத்தில் கொடுக்க வேண்டும். மனைவி பெயர் பி.பி.ஓ.வில் சரியாக இருந்தால் குடும்ப ஓய்வூதியத்துக்கு வாரிசுச் சான்று வரை போக வேண்டியதில்லை.

அந்தக் கடைசி மாதத்தில் இறந்த நாள் வரைக்குமான பாக்கி தனி, அதை வாழ்நாள் நிலுவை என்பார்கள். அது யாருக்குச் சேர வேண்டும் என்று நியமனம் (நாமினி) எழுதி வைக்காதவர் வீட்டில்தான் சின்னத் தொகைக்கு வாரிசுச் சான்று கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது.

ஓய்வூதியர் சங்கத்துக்காரர், மதுரை

கல்வியாண்டின் நடுவில் ஓய்வு பெறும் ஆசிரியருக்கு ஆண்டு முடியும்வரை மறுநியமனம் உண்டு. அதனால் பலர் தாம் மே மாதம் ஓய்வு பெற்றதாகவே நினைத்துக்கொண்டு, நேர்காணலுக்கும் மே மாதம் வருகிறார்கள். பி.பி.ஓ.வில் அக்டோபர் என்றிருக்கும். அதில் உள்ள மாதம்தான் கணக்கு.

கம்யூட்டேஷன், அதாவது ஓய்வூதியத்தில் ஒரு பங்கை ஒப்படைத்து மொத்தமாகப் பணம் வாங்கியவர்கள்: 30,000இல் மூன்றில் ஒரு பங்கை ஒப்படைத்திருந்தால் மாதம் 10,000 குறையும், ஆனால் அகவிலைப்படி முழு 30,000க்கும் வரும். 15 ஆண்டு முடிந்ததும் அந்த 10,000 திரும்ப வேண்டும். அந்த மாதத்தை இப்போதே குறித்து வையுங்கள். இடையில் அவர் இறந்தாலும் இதற்காகக் குடும்ப ஓய்வூதியத்தைக் குறைக்க மாட்டார்கள்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளை, கணவனை இழந்தோ மணமாகாமலோ வீட்டோடு இருக்கும் மகள், இவர்களுக்கும் பெற்றோர் இருவருக்கும் பிறகு நிபந்தனைகளோடு குடும்ப ஓய்வூதியம் உண்டு. வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, மகள் பெயரைக் காகிதத்தில் ஏற்றாமலே விடும் தகப்பன்மார்கள் நிறைய. பாசமாக வளர்த்தவர்தான், ஆனால் ஆவணத்தில் அவள் இல்லை. மருத்துவச் சான்று, கணவரின் இறப்புச் சான்று, வருமானச் சான்று இவற்றைத் தகப்பன் இருக்கும்போதே சேர்ப்பதற்கும், அவர் போனபின் தேடுவதற்கும் வித்தியாசம் பெரிது.

கருவூலப் பணி, உசிலம்பட்டி பக்கம் (மறுபடியும்)

ஒன்று விட்டுப்போச்சு. கருவூலத்தில் கொடுத்த செல்போன் எண் யாருடையது என்று பாருங்கள். சென்னையில் இருக்கும் மகன் எண்ணைக் கொடுத்துவிட்டு, ஓ.டி.பி. வரும்போது அவன் மீட்டிங்கில் இருப்பான். வீட்டில் இருக்கிற போனின் எண்ணையே கொடுங்கள். அது மாறினால், ஆதார், வங்கி, கருவூலம் மூன்று இடத்திலும் மாற்றுங்கள்.